காசு கிடந்த இடம்

2015ஆம் ஆண்டு இங்கிலாந்தில், நான்கு மாத இடைவெளியில், இரண்டு வயல்களிலிருந்து இரண்டு புதையல்கள் வெளியே வந்தன. கண்டெடுத்தவர்கள் தொல்லியல் படித்தவர்கள் அல்லர். ஓய்வு நாளில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போகும் பழக்கமுள்ள சாதாரண மனிதர்கள். இரண்டு புதையல்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வைக்கிங் படைகள் அந்தத் தீவை உலுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ மண்ணுக்குள் ஒளித்து வைத்தவை. இரண்டிலும் ஒரே வகையான அரிய வெள்ளிக் காசுகள் இருந்தன.

ஜூன் மாதம், ஹியர்ஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் என்ற ஊரை ஒட்டிய வயலில் இரண்டு பேர் ஒரு புதையலைத் தோண்டினார்கள். தங்க மோதிரம், கைக்காப்பு, பளிங்குப் பதக்கம் ஆகியவற்றோடு சுமார் 300 காசுகள் அதில் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. சட்டப்படி அறிவிக்க வேண்டியதை அவர்கள் மறைத்தார்கள். காசுகளைச் சில்லறையாக விற்கத் தொடங்கினார்கள். கைப்பேசியிலிருந்து அழித்த படங்களைக் காவல்துறை மீட்டெடுத்தபோதுதான் புதையலின் முழு அளவு தெரியவந்தது. 2019இல் அவர்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. வழக்கு முடிந்தபோது மீட்கப்பட்டிருந்த காசுகள் 31 மட்டுமே.

அக்டோபர் மாதம், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வாட்லிங்டன் ஊருக்குப் பக்கத்து வயலில் இன்னொருவர் காசுகளைக் கண்டார். அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். வல்லுநர்கள் வந்து, புதையல் இருந்த மண்ணைக் கட்டியாகவே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 186 காசுகள், 15 வெள்ளிக் கட்டிகள், 7 அணிகலத் துண்டுகள் கிடைத்தன. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது. இன்று யாரும் போய்ப் பார்க்கலாம்.

இரண்டிலும் இருந்த அந்த அரிய காசுகள் ஒரு பழைய பொய்யைக் கலைத்தன. வெஸ்ஸெக்ஸ் அரசன் ஆல்ஃபிரட், மெர்சியா அரசன் இரண்டாம் கியோல்வுல்ஃப் இருவரும் ஒரே சமயத்தில், ஒரே உருவத்தோடு, தத்தம் பெயரில் அடித்த காசுகள் அவை. ரோமானிய மாதிரியைப் பின்பற்றி இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் படம் அவற்றில் உள்ளது. ஆல்ஃபிரடின் அரசவையைச் சார்ந்து எழுதப்பட்ட ஆண்டுக் குறிப்போ, கியோல்வுல்ஃபை வைக்கிங்குகள் ஏற்றிவைத்த ஒரு பொம்மையாகத் தள்ளிவிடுகிறது. ஆனால் இருவரும் கூட்டாளிகளாக இருந்தார்கள் என்கின்றன காசுகள். வென்றவன் எழுதிவைத்ததை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வயல் மறுத்துச் சொல்லியிருக்கிறது. ஒரு வயல்தான் அதை முழுமையாகச் சொன்னது. மற்றதன் சாட்சியத்தில் பெரும்பகுதி கைமாறிக் கைமாறித் தொலைந்துபோனது.

தனியார் நிலத்தில் பழங்காசும் பழம்பொருளும் தேடுவதை ஒரு நாடு அனுமதிக்க வேண்டுமா, தடுக்க வேண்டுமா, அனுமதித்தால் எந்த நிபந்தனையில் என்ற கேள்வி ஐரோப்பா முழுதும் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டுவருகிறது. அதை மிக விரிவாக வாழ்ந்து பார்த்த நாடு இங்கிலாந்து. அங்கே நடந்ததை முதன்மையாக வைத்து இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஆராய்கிறது.

கருவியின் கதை

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை அறியும் கருவி ஒரு மனித உயிரைக் காப்பாற்றும் முயற்சியில் உருவானது. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய, தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியைச் செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை, அதிபரும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் போலந்து ராணுவப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி, ஒரு வீரன் கையில் பிடித்து நடக்கும்படியான கண்ணிவெடி காட்டும் கருவியை உருவாக்கினார். 1942இல் எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது. போருக்குப் பின் இத்தகைய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்து விலையும் எடையும் குறைந்ததும், 1970களில் பிரிட்டனில் இது பெரும் பொழுதுபோக்காகிவிட்டது.

கருவி வேலை செய்யும் முறை எளிது. அடியிலுள்ள கம்பிச் சுருளில் மாறுமின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டம் எழுந்து, எதிர்க் காந்தப்புலமாகத் திரும்பி வருகிறது. அந்த மாற்றத்தைக் கருவி ஒலியாக்குகிறது. ஒற்றைக் காசு என்றால் ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒரு முழத்துக்குள் இருந்தால்தான் கேட்கும். பெரிய பானை நிறையக் காசு என்றால் இன்னும் ஆழத்திலும் ஒலி எழும். இரும்புக்கு ஓர் ஒலி, வெள்ளிக்கு ஓர் ஒலி எனப் பிரித்துச் சொல்லவும் இன்றைய கருவிகளுக்குத் தெரியும்.

இந்த ஆழக் கணக்கு முக்கியமானது. ஒரு காசு கிடைக்கும் ஆழம் பெரும்பாலும் ஏர் உழும் ஆழமே. தேடுவோர் சொல்லும் வலுவான நியாயம் இதிலிருந்துதான் பிறக்கிறது. டிராக்டர் கலப்பை ஆண்டுதோறும் அந்த மண்ணைப் புரட்டுகிறது. அடுக்குகள் ஏற்கெனவே குலைந்துவிட்டன. உரமும் ஈரமும் செம்பை அரித்துத் தின்கின்றன. எடுக்காமல் விட்டால் அந்தக் காசு பாதுகாப்பாக இருக்கப் போவதில்லை, மெல்ல அழியப் போகிறது. உழவு மண்ணுக்குக் கீழே இறங்கினாலோ இந்த நியாயம் செல்லாது. அங்கே அடுக்குகள் குலையாமல் இருக்கின்றன. கல்லும் கரியும் எலும்பும் பானை ஓடும் ஒன்றோடொன்று எப்படிக் கிடக்கின்றன என்பதே அங்கே வரலாறு. அந்த அடுக்கைக் கைமண்வெட்டியால் ஒருமுறை குலைத்துவிட்டால் திரும்ப அடுக்க முடியாது.

பகை மூண்ட காலம்

1970களில் பிரிட்டனின் தொல்லியலாளர்களும் தேடுவோரும் எதிரிகளாகவே இருந்தார்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிடப்பட்ட தொன்மைச் சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. அடுத்த ஆண்டு தொல்லியல் அமைப்புகள், நம் கடந்த காலத்தை எடுத்துச் செல்வதை நிறுத்துங்கள் என்று நாடளாவிய இயக்கம் நடத்தின. தேடுவோர் இதைத் தங்கள் சுதந்திரத்தின்மேல் படித்தவர்கள் தொடுத்த தாக்குதலாகப் பார்த்தார்கள். விளைவாக, நேர்மையாகத் தேடியவர்களும் கிடைத்ததைச் சொல்வதை நிறுத்தினார்கள்.

இந்தப் பகையின் விலையை முழுதாகக் காட்டிய இடம் சர்ரேயிலுள்ள வான்பரோ. 1980களின் நடுவில் அங்கே ஒரு ரோமானியர் காலக் கோயில் இருந்த வயலில் பழங்காசுகள் கிடைக்கின்றன என்ற செய்தி பரவியது. இரவோடு இரவாகக் கூட்டம் கூட்டமாக வந்து தோண்டினார்கள். ரோமானியர் வருவதற்கு முன் அந்த மண்ணின் அரசர்கள் அடித்த பொன், வெள்ளிக் காசுகள் ஆயிரக்கணக்கில் போயின. ஒருவர்மேல் வழக்குப் போட்டபோது பழைய சட்டத்தின் ஓட்டை தெரிந்தது. புதைத்தவர் பிறகு வந்து எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒளித்து வைத்தது என்று நிரூபித்தால்தான் அது அரசுக்குச் சேரும் புதையல். கோயிலில் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் போட்ட காசைத் திரும்ப எடுக்கும் எண்ணம் யாருக்கு இருந்திருக்கும்? தண்டனை நிலைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போனவர் மனத்தில் என்ன நினைத்தார் என்று நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்த சட்டம் அது. சர்ரே தொல்லியல் கழகத்தினர் அந்தக் கோபத்தில் தொடங்கிய பிரச்சாரம் புதிய சட்டத்துக்கு வழி செய்தது.

1996ஆம் ஆண்டுச் சட்டம்

அந்தப் புதையல் சட்டம் 1997 செப்டம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. புதைத்தவரின் எண்ணத்தைப் பற்றி அது கேட்பதில்லை. 300 ஆண்டுக்கு மேற்பட்டு, நூற்றுக்குப் பத்துப் பங்காவது பொன்னோ வெள்ளியோ இருக்கும் பொருள் புதையல். காசு என்றால் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் போதும். செப்புக் காசுகளானால் பத்து. கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் கொரோனரிடம் அறிவிக்க வேண்டும். ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான் புதையலையும் விசாரிக்கிறார். அறிவிக்காவிட்டால் சிறைத்தண்டனை உண்டு. ஓர் அருங்காட்சியகம் அதை விரும்பினால், சுயேச்சையான குழு ஒன்று சந்தை விலையை மதிப்பிடுகிறது. அந்தத் தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி.

இதில் நிலக்காரரின் இடத்தைக் கவனிக்க வேண்டும். புதையல் என்ற வரையறைக்குள் வராத எதுவும், ஓர் ஒற்றைச் செப்புக் காசானாலும், நிலத்துக்கு உரியவருடையது. அவர் அனுமதியின்றி வயலுக்குள் கருவியோடு நுழைவது அத்துமீறல், எடுத்துப்போவது திருட்டு. ஆகவே நிலத்தில் கால் வைப்பதற்கு முன்பே, என்ன கிடைத்தால் எப்படிப் பங்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளும்படி எல்லா வழிகாட்டுதல்களும் வற்புறுத்துகின்றன. குத்தகைக்காரர் ஒருவர், உரிமையாளர் ஒருவர் என்றிருக்கும் வயல்களில் இருவரின் சம்மதமும் வேண்டும். வாய்வார்த்தையில் தொடங்கிய நட்பு, ஒரு பானைக் காசு வெளியே வந்ததும் முறிந்துபோன கதைகள் அங்கே நிறைய.

சட்டத்தைவிடப் பெரிய மாற்றம் அதோடு பிறந்த இன்னோர் ஏற்பாடு. புதையல் அல்லாத பொருட்களையும் விருப்பத்தின் பேரில் காட்டிப் பதிந்துகொள்ளும் திட்டம் 1997இல் சில பகுதிகளில் தொடங்கி 2003இல் நாடு முழுதும் பரவியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை நடத்துகிறது. சுமார் 40 தொடர்பு அலுவலர்கள் மாவட்டம் மாவட்டமாக இருக்கிறார்கள். தேடுவோர் ஒரு கொக்கியையோ தேய்ந்த காசையோ கொண்டுவந்து காட்டினால், அலுவலர் அளந்து, படமெடுத்து, வயலில் எந்த மீட்டரில் கிடைத்தது என்பதைப் பதிந்துவிட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பதிவேட்டில் இப்போது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் உள்ளன. சட்டம் வருமுன் ஆண்டுக்குச் சில பத்துப் புதையல்களே அறிவிக்கப்பட்டன, 2022இல் 1,378. மண் திடீரென்று கூடுதலாக எதையும் விளைவிக்கவில்லை. சொல்ல வந்தவனைத் திருடன் என்று பார்க்காத ஒருவர் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார், அவ்வளவே.

வயல்கள் தந்தவை

நேர்மையாகச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புதிய சட்டத்துக்கு முந்தைய ஹாக்ஸ்ன் ஒரு முன்னுதாரணம். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடிக் கொடுக்க வந்த நண்பரின் கருவி பொன்னைக் காட்டியது. சிறிது எடுத்ததுமே விஷயம் பெரிது என்று உணர்ந்து தோண்டுவதை நிறுத்தினார், தகவல் போனது, மறுநாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசுகளோடு வெள்ளிக் கரண்டிகளும் நகைகளும் கிடைத்தன. அவர் நிறுத்தியதால்தான், எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதை மண்ணில் படிந்த தடத்திலிருந்து மீட்க முடிந்தது. ரோமானிய ஆட்சி பிரிட்டனைக் கைவிட்ட 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பணக்காரக் குடும்பம் தன் செல்வத்தைப் பொதிந்து வைத்த பதற்றமும் பக்குவமும் அந்த அடுக்கில் தெரிந்தன.

2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே ஒரு பானையில் 52,503 காசுகள் இருந்தன. எடை 160 கிலோ. கண்டவர் குழியை மூடிவிட்டுச் சொல்லியனுப்பினார். தொல்லியலாளர்கள் பானையை அடுக்கடுக்காகக் காலி செய்து, ஒவ்வோர் அடுக்கின் காசையும் தனித்தனியே வைத்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாக இருந்தால் கடைசி அரசனின் காசுகள் மேலே இருக்க வேண்டும். ஆனால் அக்காசுகளில் இடம்பெற்ற கடைசி ஆட்சியாளனான காராசியஸின் காசுகள் பெரும்பாலும் பானையின் கீழ்ப்பகுதியில் கிடந்தன. அப்படியானால் பானை ஒரே வேளையில் நிரப்பப்பட்டிருக்கிறது. பானையோ அவ்வளவு எடையைத் தாங்கித் தூக்க முடியாத அளவுக்கு மெல்லியது. இது சேமிப்பாக இருக்காது, ஓர் ஊரே கூடிக் கடவுளுக்குக் கொட்டிய காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து எழுந்தது. 52,503 காசுகளையும் வாரிச் சாக்கில் போட்டிருந்தால் காசு இருந்திருக்கும்; இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பொன்னும் வெள்ளியும் இல்லாத இடங்களில்தான் இந்த முறையின் அருமை இன்னும் கூடுகிறது. லிங்கன்ஷயரின் டோர்க்ஸியில் 872-73 குளிர்காலத்தில் வைக்கிங் பெரும்படை தங்கியது என்று ஆண்டுக் குறிப்பு ஒரே வரியில் சொல்கிறது. எங்கே, எவ்வளவு பேர் என்ற விவரம் இல்லை. ஆண்டுக்கணக்காகத் தேடுவோர் அந்த வயல்களில் எடுத்துப் பதிந்துவைத்தவற்றை ஆய்வாளர்கள் வரைபடத்தில் இட்டார்கள். இஸ்லாமிய நாடுகளிலிருந்து வந்து துண்டாக்கப்பட்ட திர்ஹம் காசுகள் நூற்றுக்கு மேல். வீரர்கள் பொழுதுபோக்க ஆடிய ஆட்டத்தின் ஈயக் காய்கள் நூற்றுக்கணக்கில். முகாம் 55 ஹெக்டேர் பரந்திருந்தது தெரிந்தது. ஓர் ஈயக் காய்க்குச் சந்தையில் பெரிய விலை ஏது? ஆயினும் அவை சேர்ந்து ஒரு படை தூங்கிய நிலத்தின் எல்லையை வரைந்துவிட்டன.

1485இல் மூன்றாம் ரிச்சர்ட் மடிந்த பாஸ்வர்த் போர்க்களம் ஒரு குன்றின்மேல் இருந்ததாக நம்பி, அங்கே நினைவு மையமும் கட்டியிருந்தார்கள். விவசாயிகளின் அனுமதியோடு வயல் வயலாக ஆண்டுக்கணக்கில் நடந்த கருவித் தேடல், உண்மையான களம் அங்கிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளி என்று 2009இல் காட்டியது. பீரங்கிகள் வீசிய ஈயக் குண்டுகள் மண்ணில் சிதறியிருந்த விதமே சான்று. ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த, பொன்முலாம் பூசிய சிறு வெள்ளி வில்லையும் அங்கேதான் கிடைத்தது.

இரவுத் திருடர்களின் தொல்லையிலிருந்தே ஒரு பேராய்வு பிறந்த இடமும் உண்டு. சஃபோக்கின் ரெண்டல்ஷாமில் நில உரிமையாளர் ஒருவர், தன் வயலில் இரவில் குழிகள் விழுவதைக் கண்டு மாவட்டத் தொல்லியல் துறையை அழைத்தார். 2008இல் தொடங்கி, தேர்ந்த தன்னார்வலர் நால்வர் 150 ஹெக்டேர் பரப்பை வரிசை வரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொன்றையும் பதிந்தார்கள். 8ஆம் நூற்றாண்டில் துறவி பீட் தன் நூலில் குறிப்பிட்ட கிழக்கு ஆங்கிலிய அரசர்களின் இருப்பிடம் அதுதான் என்று உறுதியானது. 2022இல் அங்கே சுமார் 23 மீட்டர் நீள அரச மண்டபத்தின் அடித்தடத்தை அகழ்ந்தெடுத்தார்கள். திருடன் தேடி வந்த வயலில் ஊரார் ஒரு தலைநகரைக் கண்டார்கள்.

மறுதரப்பு சொல்வது

இந்த ஏற்பாட்டை ஏற்காதவர்களின் வாதங்களும் எடையுள்ளவை. முதலாவது, ஆர்வத்தின் வேகம். 2009இல் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல், ஆங்கிலோ-சாக்ஸன் காலத்தின் மிகப் பெரிய பொற்புதையல்; வாள்பிடிகளும் போர்க்கருவி அணிகளுமாகச் சுமார் 4 கிலோ பொன். மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. நில உரிமையாளரின் அனுமதி இருந்தது. கண்டவர் முறையாக அறிவிக்கவும் செய்தார். ஆனால் அதற்குமுன் ஐந்து நாட்கள் தனியாகவே தோண்டி 244 துண்டுகளை எடுத்திருந்தார். சட்டத்தை மீறாமலேயே மண்ணின் சாட்சியம் குறைந்துபோகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இரண்டாவது, சட்டத்தின் இடுக்குகள். 2010இல் கம்ப்ரியாவின் கிராஸ்பி கேரட் ஊரருகே முகமூடியோடு கூடிய ரோமானியக் குதிரைவீரனின் வெண்கலத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. வெண்கலம் என்பதாலும், ஒற்றைப் பொருள் என்பதாலும் சட்டப்படி அது புதையல் ஆகவில்லை. ஏலத்தில் சுமார் 23 லட்சம் பவுண்டுக்குப் போனது. அருகிலிருந்த கார்லைல் அருங்காட்சியகம் பணம் திரட்டிப் போட்டியிட்டும் எட்டவில்லை. 2023இல்தான், 200 ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகம் கொண்ட, வரலாற்றுக்கு மிக இன்றியமையாத பொருள் எதுவானாலும் புதையலாகலாம் என்று வரையறை விரிந்தது. பதின்மூன்று ஆண்டு தாமதம் அது.

மூன்றாவது, கருவியின் ஓரவஞ்சனை. தேடுவோர் இரும்பின் ஒலியை அடக்கிவைத்துவிட்டுத் தேடுகிறார்கள்; ஆணிகளையும் அரிவாள்களையும் அது ஒதுக்கிவிடுகிறது. மண், எலும்பு, மரம் எதையும் அது அறியாது. ஆகவே பதிவேட்டின் படம் காசுள்ளவர்கள் பக்கமே சாய்கிறது. உழைத்தவனின் மண்சட்டி அதில் இல்லை.

நான்காவதுதான் அடிப்படையானது. பரிசுத் தொகை என்பது வரலாற்றுக்கு ஒரு விலை கட்டுகிறது. விலை இருக்கும்வரை இரவில் வருகிறவனும் இருப்பான் என்கிறார்கள். இரவுத் தேடலைத் தடுக்க அங்கே காவல்துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து இயங்கியும் வயல்கள் இன்னும் குடையப்படுகின்றன. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பரிசை நிறுத்திவிட்டால் இரவுக்காரன் நின்றுவிடுவான் என்பதற்குச் சான்று எங்கும் இல்லை. அவன் ஒருபோதும் பரிசை நம்பி வந்தவன் அல்லன். பரிசு இல்லாதபோது வாயடைத்துப்போகிறவன் பகலில் வருகிறவனே.

பிற நாடுகளின் வழி

டென்மார்க்கில் தேடலுக்குத் தடையில்லை. நிலக்காரரின் அனுமதி போதும். ஆனால் அரிய பொருள் எதுவும் இடைக்காலம் தொட்டே அரசுடைமை. கண்டவருக்கு அரசு பரிசு தருகிறது. நிலக்காரருக்குப் பங்கு இல்லை. 2020இல் வின்டெலெவ் என்ற சிற்றூரில் முதன்முதலாகக் கருவியோடு இறங்கிய ஒருவர், பழைய பள்ளித்தோழரின் வயலில் 794 கிராம் பொன்னைக் கண்டார். அதிலிருந்த ஒரு பதக்கத்தில் ஓடின் கடவுளின் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததை 2023இல் படித்தறிந்தார்கள். அதுவரை தெரிந்திருந்த சான்றைவிட அது ஒன்றரை நூற்றாண்டு பழையது.

அயர்லாந்து எதிர்த்திசையில் போனது. 1980இல் டிப்பரரியின் டெரினாஃப்லானில் ஒரு பழைய மடாலய இடிபாட்டு நிலத்தில் தந்தையும் மகனும் வெள்ளிக் கிண்ணமும் தட்டும் கண்டார்கள். இடிபாட்டைப் பார்க்க வருகிறவர்களை நிலக்காரர்கள் தடுத்ததில்லை. ஆனால் பார்க்க விடுவது தோண்ட விடுவதாகாது என்பது வழக்கில் நிலைநாட்டப்பட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் பொருட்கள் நாட்டுக்கே சொந்தம் என்றது. அதே ஆண்டு, அனுமதியின்றித் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றமானது. ஃபிரான்ஸும் 1989இல் அரசு அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்தில் உரிமையாளர் அறியப்படாத தொல்பொருள் எதுவும் அரசுக்குரியது. கண்டவருக்கு மட்டும் பரிசு.

சட்டங்கள் வேறாயினும் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. கிடைத்ததைச் சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கும் நாடுகளில் பதிவேடு நிறைகிறது. தடை மட்டும் இருக்கும் இடங்களில் தேடல் நிற்பதில்லை; எங்கே கிடைத்தது என்ற விவரம்தான் மறைகிறது.

நம் மண்ணுக்கு இதில் என்ன

ஹாக்ஸ்ன் பெட்டியில் நான்கு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று வெள்ளியில் வார்த்த ஒரு சீமாட்டியின் உருவம். அத்தகைய சிமிழ்களில் இட்ட மிளகு தென்னிந்திய மலைச்சரிவுகளில் விளைந்து கடல் கடந்தது. அந்த வணிகம் உச்சத்தில் இருந்த முந்தைய நூற்றாண்டுகளில் முசிறித் துறையில் மிளகுக்கு மாற்றாக வந்து இறங்கிய ரோமானியப் பொன் நம் வயல்களிலும் கிடக்கிறது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஃப்ரோம் பானையைப்போல அதையும் அடுக்கடுக்காக எடுத்திருந்தால், பக்கத்து மண்ணில் என்ன இருந்தது என்று பார்த்திருந்தால், அந்த வாதத்துக்கு இன்னும் சில சான்றுகள் கிடைத்திருக்கும்.

நம்முடைய சட்டம் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருவோர் யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் கொடுக்கும் தொகை, பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. தட்டார் தராசில் வைத்து நிறுத்தது போன்ற விலை அது. ஒரு சங்ககாலச் செப்புக் காசின் செம்பு என்ன பெறும்? தராசு அப்படி இருக்கும்போது, கடைக்கால் தோண்டுகையில் பானை தட்டுப்பட்டவர் தாலுகா அலுவலகம் போவாரா, உருக்கும் பட்டறைக்குப் போவாரா?

அனுமதியும் நம்பிக்கையும் இருந்தால் தனியார் நிலம் என்ன தரும் என்பதை நாம் அறிந்திருக்கிறோம். கீழடியில் 2014-15இல் தொடங்கிய அகழாய்வு தென்னந்தோப்புகளில் நடந்தது. அவை தனியாருக்குச் சொந்தமானவை. தோப்புக்காரர்கள் இடம் கொடுத்ததால்தான் அந்த வைகைக்கரை நகரம் வெளியே வந்தது.

இதையெல்லாம் சொல்வதால், ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வயலில் இறங்கச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ளக் கூடாது. இங்கிலாந்தின் வெற்றிக்குக் காரணம் கருவி அன்று; 40 அலுவலர்களும், திறந்த பதிவேடும், நியாயமான விலையும். அவை இல்லாத நாட்டில் கருவியை மட்டும் இறக்குமதி செய்தால் நமக்குக் கிடைப்பது நூறு வான்பரோக்கள். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் மாவட்டத்துக்கு ஒரு தொடர்பு அலுவலர், அடுத்து, உலோக மதிப்புக்குப் பதில் வரலாற்று மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சன்மானம், பதிந்துகொள்ள ஒரு பொதுப் பதிவேடு. தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னவருக்குச் சன்மானம் கூட வேண்டும். குலைத்துவிட்டுச் சொன்னவருக்குக் குறைய வேண்டும். கருவியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். கிணறு வெட்டும்போதோ, வரப்புத் திருத்தும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதோ பழங்காசு தட்டுப்பட்டால், அதைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். மேலும் தோண்டாதீர்கள். அது கிடந்த இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு, கைப்பேசியில் படமெடுத்து, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். காசு உங்கள் கையில் இருக்கிறது. அது யாருடையது, ஏன் அங்கே வந்தது என்பது இன்னும் மண்ணில்தான் இருக்கிறது.